தேனீயின் உணவும் நாம் சேர்க்கும் மாசும்

நமது சங்கத்தில் நெசவாளரும் உழவரும் ஒரே புத்தகத்தில் பெயர் பதிந்த அங்கத்தினர்களாக இருக்கின்றனர். தறியில் அமர்பவருக்கு நூல் வேண்டும்; நூலுக்குப் பருத்தி வேண்டும். ஏர் பிடிப்பவருக்குக் காயும் விதையும் வேண்டும். இவ்விரு சாராருக்காகவும் கூலி கேளாமல் உழைக்கும் மற்றோர் உழைப்பாளி உண்டு. அவர் பங்குத் தொகை செலுத்தியவர் அல்லர். மகாசபைக் கூட்டத்துக்கு வருபவர் அல்லர். ஆண்டு முடிவில் லாபப் பங்கு கேட்பவரும் அல்லர். அந்த உழைப்பாளி தேனீதான்.

தேனீ நமக்குத் தேன் தருகிறது என்பதை அனைவரும் அறிவோம். அதைவிடப் பெரியதோர் உதவியையும் அது செய்கிறது. தன் உணவைத் தேடிப் பூவுக்குப் பூ செல்லும்போது மகரந்தத்தையும் சுமந்து சென்று, பூவைக் காயாக்குகிறது. ஆகவே தேனீ எதனை உண்கிறது, எங்கே சென்று உண்கிறது, அந்த இடத்தை எவ்வாறு கண்டுபிடிக்கிறது என்பன நமது விளைச்சலைச் சார்ந்த கேள்விகளாகும். தேனீயின் உணவுப் பழக்கம் கெட்டால் நமது காய்ப்பும் கெடும்.

மனிதர் உண்டாக்கும் மாசு இப்பழக்கத்தை எவ்விதம் கெடுக்கிறது என்பதை அண்மைக் காலத்தில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். அவர்கள் கண்டவற்றை நமது அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம் எனக் கருதி இங்கே தொகுத்துத் தருகிறோம். மாசு என்றதும் ஆலையின் புகைபோக்கிதான் பலருக்கு நினைவில் எழும். சாலையில் ஓடும் லாரியின் புகை, வயலில் தெளிக்கும் மருந்து, காப்பிக் கடை வாசலில் எறியப்படும் காகிதக் குவளை ஆகிய மூன்றும் மாசுதான். இம்மூன்றும் தேனீயின் உணவில் மூன்று வெவ்வேறு வழிகளில் கை வைக்கின்றன.

தேனீ உணவு தேடும் முறை

முதலில் மாசு கலவாத நிலையில் தேனீ எவ்வாறு உணவு தேடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

தேனீக்கு இரண்டு வகை உணவு உண்டு. பூவில் ஊறும் இனிய நீர் ஒன்று. இதனை மதுரம் என்பர். பறப்பதற்கும் உழைப்பதற்கும் வேண்டிய வலிமையை இது தருகிறது. மற்றொன்று மகரந்தம். குஞ்சுகளான புழுக்கள் வளர்வதற்கு வேண்டிய சத்து மகரந்தத்திலிருந்தே கிடைக்கிறது. நம் வீட்டில் சோறும் பருப்பும் போல, தேனீப்பெட்டியில் இவை இரண்டும் குறைவின்றி இருத்தல் வேண்டும்.

கூட்டிலிருந்து வெளியே செல்லும் வேலைக்காரத் தேனீ நல்ல பூக்காடு ஒன்றைக் கண்டால், திரும்பி வந்து தன் கூட்டத்தாருக்கு அதனை அறிவிக்கிறது. இருண்ட கூட்டினுள், செங்குத்தாகத் தொங்கும் அடையின் மீது, உடலை ஆட்டியவாறு அது ஒரு நடனம் ஆடுகிறது. நடனத்தின் சாய்வு, சூரியனை ஒட்டிப் பூ எந்தத் திசையில் உள்ளது என்பதைக் காட்டும். உடலை ஆட்டி நடக்கும் நேரத்தின் அளவு தூரத்தைக் காட்டும். இந்த நடன மொழியைப் படித்தறிந்தவர் ஆஸ்திரிய நாட்டில் பிறந்த கார்ல் வான் பிரிஷ் என்னும் பேரறிஞர். 1973-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

நடனம் ஏறத்தாழ இடத்தைச் சொல்லிவிடும். அங்கே சென்றபின் பூவைக் கண்டுபிடிக்க நிறமும் மணமும் உதவுகின்றன. நடனமாடும் தேனீயின் உடலில் ஒட்டியுள்ள பூ மணத்தை மற்றத் தேனீக்கள் உணர்கொம்புகளால் முகர்ந்து நினைவில் வைத்துக்கொள்கின்றன. பின்னர் வெளியே பறந்து அதே மணத்தைத் தேடுகின்றன. ஒருமுறை வெளியே செல்லும் தேனீ பெரும்பாலும் ஒரே இனப் பூக்களையே நாடுகிறது. எள் பூவில் தொடங்கினால் எள் பூவிலேயே தொடரும். இவ்வொழுக்கம் நமக்குப் பெரும் பேறாகும். எள்ளின் மகரந்தம் பூசணியில் விழுந்து பயனில்லை. எள்ளுக்கு எள்ளே வேண்டும்.

ஆக, தேனீயின் உணவு தேடல் மூன்று திறமைகளைப் பொறுத்தது. பூவின் மணத்தை அடையாளம் காண வேண்டும். வழி மறவாமல் போய் வர வேண்டும். நாவில் பட்டது நல்லதா கெட்டதா என அறிய வேண்டும். மாசு இம்மூன்றையும் தாக்குகிறது.

புகை மணத்தைக் கெடுக்கும் விதம்

பூவின் மணம் ஒரே பொருளன்று. பல நுண்ணிய இரசாயனப் பொருள்கள் குறிப்பிட்ட அளவில் கலந்த கலவை அது. சாம்பாரில் பெருங்காயமும் கொத்தமல்லியும் விட்டுப்போனால் நமக்கு அது சாம்பாராகத் தோன்றாதல்லவா? அதுபோலக் கலவையில் ஓரிரு பொருள்கள் நீங்கிவிட்டாலும் தேனீக்கு அது பழகிய பூவாகத் தோன்றுவதில்லை.

இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கர்லிங்கும் உடனாய்வாளர்களும் 2013-ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். அந்நாட்டில் எண்ணெய்க்காக விளைவிக்கப்படும் கடுகினப் பயிர் ஒன்றின் பூ மணத்தில் உள்ள 8 பொருள்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றை ஒருபுறம் தூய காற்றிலும் மறுபுறம் டீசல் புகை கலந்த காற்றிலும் கலந்து பார்த்தனர். தூய காற்றில் மணம் கெடவில்லை. டீசல் புகையிலோ 8 பொருள்களில் 6 குறைந்துபோயின. அவற்றுள் 2 ஒரு நிமிடத்துக்குள் அடியோடு மறைந்துவிட்டன. அவ்விரண்டும் நீங்கிய மணத்தைப் பழகிய தேனீக்களுக்குக் காட்டியபோது, முன்னர் நாக்கை நீட்டி வரவேற்றவற்றுள் பல, மணத்தை அறியாமல் வாளா இருந்தன. டீசல் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களே இதற்குக் காரணம் என அவர்கள் கண்டனர்.

வாகனப் புகையின்மீது வெயில் படும்போது ஓசோன் என்னும் வாயு தரையை ஒட்டிய காற்றில் உண்டாகிறது. வானத்தின் உயரத்தில் இருக்கும்போது நம்மைக் காக்கும் இவ்வாயு, நிலத்தருகே இருக்கும்போது தீங்கு செய்கிறது. 2023-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் இங்கிலாந்து விஞ்ஞானிகள் நீண்டதொரு காற்றுச் சுரங்கத்தில் பூ மணத்தை ஓட விட்டு, ஓசோன் அதனை எவ்வளவு தூரத்தில் எவ்வளவு கெடுக்கிறது என அளந்தனர். அவ்வாறு கெட்ட மணத்தைப் பழகிய தேனீக்களுக்குக் காட்டினர். மணவோட்டத்தின் நடுவில், 6 மீட்டர் தொலைவுக்குரிய மணத்தை 100-க்கு 52 தேனீக்கள் அறிந்தன. 12 மீட்டருக்குரிய மணத்தை 38 தேனீக்களே அறிந்தன. மணவோட்டத்தின் விளிம்பில் நிலைமை இன்னும் மோசம்: 6 மீட்டரில் 32, 12 மீட்டரில் 10 மட்டுமே. விளிம்பில் பூ மணம் ஓசோனோடு எளிதில் கலந்துவிடுவதால் அங்கே அழிவு விரைவாக நேர்கிறது. தேனீ ஒரு மணத்தை முதலில் சந்திப்பது பெரும்பாலும் இந்த விளிம்பில்தான் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2008-ஆம் ஆண்டில் கணக்கிட்டுச் சொன்னதும் இதனோடு பொருந்துகிறது. தொழிற்சாலைகள் பெருகாத காலத்தில் பூவின் மணம் 1,000 முதல் 1,200 மீட்டர் வரை சென்றிருக்கும் என்றும், பெருநகரங்களின் காற்று வீசும் பக்கங்களில் அது 200 முதல் 300 மீட்டராகச் சுருங்கியிருக்கும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். இது கணித முறையால் பெற்ற மதிப்பேயாயினும், எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

வயலில் கண்டதும் நகரில் கண்டதும்

சோதனைச் சாலையில் நடப்பது வயலிலும் நடக்குமா என்று உழவர் கேட்பது நியாயமே. இதற்கும் விடை உண்டு. ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரயல்ஸும் குழுவினரும் திறந்த வயலில் வட்டங்கள் அமைத்து, அவற்றுள் கருங்கடுகுச் செடிகளை வைத்தனர். சில வட்டங்களில் டீசல் புகையையும், சிலவற்றில் ஓசோனையும், சிலவற்றில் இரண்டையும் குறைந்த அளவில் பரப்பினர். சட்டம் அனுமதிக்கும் வரம்புக்கும் கீழான அளவுகளே அவை. 2022-இல் வெளியான அவர்களது முடிவுகளின்படி, மாசு பரவிய வட்டங்களில் தேனீ முதலிய மகரந்தம் சுமக்கும் பூச்சிகளின் எண்ணிக்கை 62 முதல் 70 சதவீதம் வரை குறைந்தது. பூக்களில் அவை வந்து அமர்ந்த தடவைகள் 83 முதல் 90 சதவீதம் வரை குறைந்தன. மகரந்தச் சேர்க்கையால் வர வேண்டிய விதைப் பயனும் 14 முதல் 31 சதவீதம் வரை சரிந்தது. பூ இருந்தது, மதுரமும் இருந்தது, வந்து உண்பார்தாம் குறைந்தனர்.

நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரிலும் இத்தகைய ஆராய்ச்சி நடைபெற்றது. அங்குள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தைச் சேர்ந்த கீதா திம்மேகவுடாவும் உடனாய்வாளர்களும் 1,800-க்கு மேற்பட்ட மலைத்தேனீக்களைப் பரிசோதித்து, 2020-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். காற்று மாசு குறைந்த இடங்கள், நடுத்தரமான இடங்கள், மிகுந்த இடங்கள் என வகுத்து, அங்கே பூத்திருந்த ஒரே வகை மஞ்சள் பூச்செடியில் தேனீக்களின் வருகையை எண்ணினர். மாசு மிகுந்த இடங்களில் பூவை நாடி வந்த தேனீக்கள் குறைவாக இருந்தன. நடுத்தரமாகவும் மிகுதியாகவும் மாசுபட்ட இடங்களிலிருந்து பிடித்துவந்த தேனீக்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை 24 மணி நேரத்துக்குள் மாண்டன. அவற்றின் உடலில் உலோகங்கள் கலந்த நுண்ணிய தூசி படிந்திருந்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கிலும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையிலும் மாறுபாடு காணப்பட்டது.

மேலைநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் பெட்டியில் வளர்க்கும் மேலைநாட்டுத் தேனீயைப் பற்றியவை. பெங்களூர் ஆராய்ச்சியோ மரக்கிளையிலும் பாறையிலும் பெரிய அடை கட்டும் நமது மலைத்தேனீயைப் பற்றியது. இத்தேனீயை யாரும் வளர்ப்பதில்லை. உணவு கொடுத்துக் காப்பாற்றுவாரும் இல்லை. நம் தோப்புகளிலும் தோட்டங்களிலும் அது தானே வந்து வேலை செய்கிறது. வாராமற் போனால் விலை கொடுத்து வாங்கி வைக்கவும் முடியாது.

நாவுக்குத் தெரியாத நஞ்சு

இனி வயலில் நாமே சேர்க்கும் மாசைக் கவனிப்போம். சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஒழிப்பதற்காக இமிடாக்ளோபிரிட், தையமெத்தாக்சம் முதலிய மருந்துகள் வழக்கத்தில் உள்ளன. நியோநிகோட்டினாய்டு என்னும் வகையைச் சேர்ந்தவை இவை. பருத்தி விதையின் மீது பூசியும், செடியின் மீது தெளித்தும் இவை பயன்படுத்தப்படுகின்றன. இலையின் மேற்பரப்பில் நின்றுவிடாமல் செடியின் சாற்றோடு கலந்து எங்கும் பரவுவதே இவற்றின் சிறப்பு. அதனாலேயே பூவின் மதுரத்திலும் மகரந்தத்திலும் இம்மருந்துகள் சிறிதளவு சேர்ந்துவிடுகின்றன.

கெட்டுப்போன பூவைத் தேனீ தானே ஒதுக்கிவிடாதா என்று சிலர் எண்ணலாம். இதனையே 2015-ஆம் ஆண்டில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சோதித்தனர். வெறும் சர்க்கரை நீர் ஒன்று, மருந்து சிறிது கலந்த சர்க்கரை நீர் ஒன்று என இரண்டையும் தேனீக்களுக்கு முன்னால் வைத்தனர். தேனீயின் நாவிலுள்ள சுவை நரம்புகள் இம்மருந்துகளை உணரவேயில்லை. அதற்கும் மேலாக, இமிடாக்ளோபிரிட் அல்லது தையமெத்தாக்சம் கலந்த நீரையே அவை மிகுதியாக நாடின. மருந்துண்ட தேனீக்கள் மொத்தத்தில் உண்ட உணவின் அளவோ குறைந்தது. புகையிலையிலுள்ள நிகோட்டினுக்கு உறவான பொருள்கள் இவை என்பதை அறிந்தால், புகையிலைப் பழக்கத்தைக் கண்டவர்களுக்கு இது பெரும் வியப்பாக இராது.

2012-இல் பிரான்ஸ் நாட்டில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி, வழி அறியும் திறமையைப் பற்றியது. தேனீக்களின் முதுகில் மிகச்சிறிய வானொலிக் குறியை ஒட்டி, தையமெத்தாக்சம் சிறிதளவு கொடுத்து, தொலைவிலே கொண்டுபோய் விட்டனர். உடனே கொல்லும் அளவன்று அது. ஆயினும் மருந்துண்ணாதவற்றைவிட மருந்துண்ட தேனீக்களில் கூடு திரும்பாதவை மிகுதியாக இருந்தன. இத்தகைய ஆராய்ச்சிகளின் விளைவாக ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இவ்வகை மருந்துகள் மூன்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2018-இல் திறந்த வயல்களில் அவற்றைப் பயன்படுத்துவதை முற்றிலும் தடை செய்தது.

காகிதக் குவளை என்னும் பொறி

மூன்றாவது மாசு பார்ப்பதற்கு மிக அற்பமானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சந்திரசேகரனும் உடனாய்வாளர்களும் காப்பிக் கடைகளின் வாசலில் ஒரு காட்சியைக் கவனித்தனர். குடித்துவிட்டு எறிந்த காகிதக் குவளைகளின் அடியில் தங்கிய சர்க்கரையை நாடித் தேனீக்கள் கூட்டங்கூட்டமாக வந்தன. உள்ளே இறங்கியவை ஒட்டிக்கொண்டும் மூழ்கியும் மாண்டன. 5 கடைகளில் 30 நாட்கள் எண்ணியதில் மாண்ட தேனீக்கள் மொத்தம் 25,211. ஒரு கடைக்கு ஒரு நாளைக்குச் சராசரி 168. 2011-ஆம் ஆண்டில் ‘கரண்ட் சயன்ஸ்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் இதனை அவர்கள் வெளியிட்டனர். குவளைக்குப் பழகிய தேனீக்கள் பூக்களுக்குச் செல்வதை விட்டுவிட்டன என்பதும் அவர்கள் கண்ட உண்மை.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு பூவில் துளியிலும் சிறு துளிதான் மதுரம் இருக்கும். நூற்றுக்கணக்கான பூக்களில் சேர்க்க வேண்டியதை ஒரு குவளையில் ஒரே இறக்கத்தில் எடுத்துவிடலாம். கூடு திரும்பிய தேனீ அந்த இடத்தையும் நடனமாடிச் சொல்லிவிடும். பூக்காட்டுக்கு ஆள் திரட்ட ஏற்பட்ட அதே மொழி, குப்பைத் தொட்டிக்கும் ஆள் திரட்டுகிறது. குவளையில் சர்க்கரை உண்டு, மகரந்தம் இல்லை. ஆதலால் கூட்டிலுள்ள புழுக்களுக்கும் அதனால் பயனில்லை. வயலில் காத்திருக்கும் பூவுக்கும் பயனில்லை.

வெளிநாடுகளிலும் இதனை ஒத்தவை நிகழ்ந்துள்ளன. 2012-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் அல்சேஸ் பகுதியில், ரிபோவில்லே என்னும் ஊரருகே, தேனீ வளர்ப்போரின் பெட்டிகளில் தேன் நீலமாகவும் பச்சையாகவும் காணப்பட்டது. வண்ண மிட்டாய்களின் கழிவை எரிவாயுவாக்கும் நிலையம் ஒன்று அருகில் இருந்தது. தேனீக்கள் அக்கழிவை உண்டு வந்தன. அந்தத் தேனை விற்க முடியவில்லை. 2010-இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் செர்ரிப் பழப் பாகு செய்யும் ஆலைக்கு அருகே தேன் சிவந்துபோயிற்று. தேனீயின் பசி அதனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு இவை சான்றுகள்.

இதனால் நமக்கு நேர்வது யாது?

பூசணி, சுரை, பாகல், வெள்ளரி போன்ற கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பார் இல்லையேல் பிஞ்சு வெம்பி உதிரும். சூரியகாந்தியில் தேனீ வராத ஆண்டு பொக்கு விதை மிகும் என்பதை நம் உழவர்கள் அறிவர். எள், கொத்தமல்லி, முருங்கை, மா, தென்னை ஆகியவற்றுக்கும் தேனீயின் வருகையால் நன்மை உண்டு. மலைப்பகுதியில் ஏலக்காய் முழுவதும் தேனீயை நம்பியே காய்க்கிறது எனலாம்.

பருத்தியோ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கக் கூடியது. எனினும் தேனீக்கள் வந்துபோகும் வயலில் காய்ப்பிடிப்பும் விதையும் பஞ்சின் எடையும் கூடுதலாக இருப்பதைப் பிரேசில் நாட்டில் செய்த ஆராய்ச்சி காட்டியது. ஆகவே, இது தேன் விற்போரின் கவலை என்று நம் நெசவாள அங்கத்தினர்களும் ஒதுங்கிவிடலாகாது.

எல்லாக் குறைவுக்கும் மாசே காரணம் என்று சொல்வதும் பொருந்தாது. 1991, 1992 ஆண்டுகளில் ‘தாய் சாக்புரூட்’ என்னும் வைரஸ் நோய் கேரளத்திலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் பெட்டி பெட்டியாகத் தேனீக் குடும்பங்களை அழித்தது. காடு குறைவதும், வரப்போரப் பூண்டுகளும் மரங்களும் மறைவதும், மழை தவறுவதும் காரணங்களே. ஆனால் அரைவயிறு உண்ட தேனீக் குடும்பம் நோயைத் தாங்காது, வறட்சியையும் தாங்காது. மாசு செய்வது இந்த அரைவயிற்று நிலையைத்தான்.

ஒருவரால் ஆகாதது, சங்கத்தால் ஆகும்

இனி நாம் செய்யக் கூடியவற்றைப் பார்ப்போம். ஒரு கணக்கோடு தொடங்குவது நல்லது. நமது அடுக்குத் தேனீ பெரும்பாலும் கூட்டிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் சுற்றுக்குள் உணவு தேடுகிறது. 1 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 314 ஹெக்டேர். அதாவது ஏறக்குறைய 775 ஏக்கர். ஆளுக்கு 2 ஏக்கர், 3 ஏக்கர் என உழும் ஊரில் அந்த வட்டத்துக்குள் எத்தனை குடும்பங்களின் நிலம் அடங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் 2 ஏக்கரில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பக்கத்து வயலில் பூக்கும் நேரத்தில் நடுப்பகலில் மருந்து தெளித்தால் அவரது கவனம் வீணாகும். தேனீக்கு வரப்பு தெரியாது. பட்டா எண்ணும் தெரியாது. ஆகவே இக்காரியம் இயல்பாகவே கூட்டுறவுக்கு உரியது.

மருந்தே அடிக்கக் கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. கடன் வாங்கிப் பயிரிட்டவர் கண்ணெதிரே இலை சுருண்டு கருகும்போது கைகட்டி நிற்க முடியாது என்பதை அறிவோம். ஆனால் எப்போது, எதனை, எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளையும் கடைக்காரரிடம் மட்டும் விட்டுவிடாமல், சங்கத்தில் கூடி முடிவு செய்யலாம். பூ மலர்ந்திருக்கும் நாட்களில் கூடுமானவரை தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாதபோது, தேனீக்கள் கூடு திரும்பிய மாலை நேரத்தில் தெளிக்க வேண்டும். தெளிப்பதற்கு முதல் நாளே சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டால், பெட்டி வைத்திருப்போர் அவற்றை அப்புறப்படுத்தவோ, ஈரச் சாக்கால் மூடி வைக்கவோ வசதி ஏற்படும். பூச்சியின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே மருந்தைக் கையில் எடுப்பது செலவையும் குறைக்கும்.

இரண்டாவதாக, இனிப்புக் கழிவுகளைத் திறந்து போடுவதை நிறுத்த வேண்டும். சங்கக் கட்டடத்திலும் மகாசபை நாளிலும் காகிதக் குவளைக்குப் பதிலாகக் கழுவி எடுக்கும் டம்ளரைப் பயன்படுத்தலாம். ஊரிலுள்ள தேநீர்க் கடைக்காரர்களிடம் மூடியுள்ள குப்பைத் தொட்டி வைக்கும்படி சொல்லலாம். கரும்புச் சாறும் வெல்லப் பாகும் வைத்திருக்கும் இடங்களில் மெல்லிய வலைத்துணியால் பாத்திரங்களை மூடலாம். அத்துணியை நெய்துதர நம் சங்கத்திலேயே தறிகள் இருக்கின்றன.

மூன்றாவதாக, தேனீ நீரும் எடுக்கிறது என்பதை மறக்கலாகாது. உப்புக் கலந்த நீரை விரும்பி நாடும் இயல்பும் அதற்கு உண்டு. ஆகவே சாயப் பட்டறையின் கழிவு நீரைத் திறந்த குழியில் தேங்கவிடுவது தேனீக்கும் நல்லதன்று. அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் நமக்கும் நல்லதன்று. தேனீப்பெட்டிக்கு அருகே அகன்ற மண் சட்டியில் கூழாங்கற்களைப் பரப்பி நல்ல நீர் ஊற்றி வைத்தால், தேனீக்கள் மூழ்காமல் அமர்ந்து குடிக்கும்.

நான்காவதாக, புகையைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளை நாம் நிறுத்த முடியாது. ஆனால் பெட்டிகளைச் சாலையோரத்தில் வைக்காமல் உள்தள்ளி வைப்பது நம் கையில் இருக்கிறது. சருகையும் தட்டையையும் குப்பையையும் பூக்கும் பருவத்தில் கொளுத்தாமல் மக்கவைத்து எருவாக்குவதும் நம் கையில் இருக்கிறது. புங்கம், வேம்பு, நாவல், புளி, முருங்கை முதலிய மரங்களைப் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் கலந்து நட்டால், ஒன்று பூத்து ஓய்ந்ததும் மற்றொன்று பூக்கும். மணம் நெடுந்தூரம் செல்லாத காலத்தில் பூ அருகில் இருத்தல் வேண்டும். உணவு அருகில் கிடைக்குமானால் குப்பைத் தொட்டியைத் தேடித் தேனீ போக வேண்டிய நிலையும் குறையும்.

தேனீயும் கூட்டுறவும் சேர்ந்து நடந்த கதை நம் நாட்டுக்குப் புதிதன்று. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் 1937-ஆம் ஆண்டிலேயே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. சிறு நிலமுடையோரும் நிலமே இல்லாதோரும் ரப்பர்த் தோட்டத்து ஓரங்களில் பெட்டி வைத்து, தேனை ஒன்று சேர்த்து விற்றுப் பிழைக்க அது வழிகாட்டியது. தேனைச் சேர்த்து விற்கக் கூட்டுறவு உதவியது போல, தேனீயின் உணவைக் காக்கவும் கூட்டுறவு உதவ முடியும்.

இவற்றுள் எதற்கும் பெரும் முதல் தேவையில்லை. ஓர் அறிவிப்புப் பலகை, சில மரக்கன்றுகள், ஓர் உடன்பாடு ஆகியவை போதும். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் தெளிக்கும் நேரத்தைப் பற்றிய உடன்பாட்டை மட்டுமாவது எடுத்துப் பேசும்படி ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவினரையும் கேட்டுக்கொள்கிறோம். பருத்தி பயிரிடும் அங்கத்தினரும் பெட்டி வைத்திருக்கும் அங்கத்தினரும் எதிரெதிரே அமர்ந்து பேசட்டும். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இருவர் நிலத்துக்கும் வருவது ஒரே தேனீதான்.